துணி வாடகை

ரோஷன் பீவியை மலாக்காவில், காஜா பெராங்கில் எல்லாரும் வீட்டுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு வீடுகூடக் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் இதையே ஒரு குற்றமாக்கி, அடுத்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள லைசன் வேண்டும் என்று அந்த மனுஷியை நாயாக அலைய விட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதை நான் பதமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மல்லிகா. கம்போங் செட்டிக்குப் போகும் வழியில் ஒரே வரிசையாக நின்ற எட்டு வீடுகளில், மூன்றாவது வீட்டில், கல்யாணமான கையோடு குடி வந்தவள். என் வீட்டுக்காரர் நடராஜன் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். நான் கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. முதல் நாளே பீவியம்மா அதை இறக்கி வைத்தார். சாமி படம் மாட்டச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வந்து நின்றார்.

"இங்கிலீசு படிச்ச புள்ளைக்கு மண் சுவரு எது, கல் சுவரு எதுன்னு தெரியலயா? ஆணியப் புடுங்கு. படத்தப் பலகை மேல வை."

அவர் அப்படித்தான். மழைக்காலத்துக்கு முன்னால் எட்டுக் கூரையும் மாற்றிப் போட வேண்டும். சாக்கடை அடைத்தால் அடைத்தவர் வீட்டு ஆண்பிள்ளை இறங்க வேண்டும். கிணற்றடியில் யார் எப்போது துணி துவைப்பது என்பது அவர் சொன்ன வரிசைதான். தீபாவளிக்கு எங்கள் வாசலுக்கும் பெருநாளுக்கு முஸ்லிம் வீடுகளுக்கும் சுண்ணாம்பு அடிக்க வைத்துவிட்டுத்தான் ஓய்வார். அவர் வாய்க்குப் பயந்தே அந்த வரிசை சுத்தமாக இருந்தது. நானும் பலமுறை அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

வீடுகளைக் கட்டியவர் அவருடைய மாமனார் சிஹாபுதீன் ராவுத்தர், ஜவுளி வியாபாரி. சாவதற்கு முன்னால் எட்டையும் வக்ஃபு செய்துவிட்டார். அல்லாவின் பெயரில் விட்ட சொத்து. விற்க முடியாது, பிள்ளைகள் பங்கு கேட்க முடியாது. வாடகையாகக் காசு வாங்கக் கூடாது என்றும் எழுதி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை, நோன்பு பிறக்கும் முன்னால், ஒவ்வொரு வீடும் ஒரு ஆளுக்கான கபன் துணி கொடுக்க வேண்டும். சடலத்தைப் போர்த்தி அடக்கம் செய்கிற வெள்ளைத் துணி. ஊரில் ஏழை யார் செத்தாலும், என்ன சாமி கும்பிட்டவர் என்று கேட்காமல் அந்தத் துணி போக வேண்டும். ராவுத்தருக்குப் பிறகு மகன் காதர் மைதீன் பார்த்தார். அவரும் போன பிறகு அவர் மனைவி ரோஷன் பீவி. துணி எல்லாம் அவர் குடியிருந்த முதல் வீட்டு உள்ளறையில் ஒரு தேக்குப் பெட்டியில் இருக்கும். அதில் ஒரு கறாரான பழக்கம்: துணியை வெட்டாமல்தான் வாங்குவார், வெட்டாமல்தான் வைப்பார். யாருக்குத் துணி என்று தெரிந்த பிறகே கத்திரி எடுப்பார். குட்டையாக வெட்டிவிட்டால் ஒரு மனுஷனின் கால் வெளியே தெரியும் என்பார்.

ஜப்பான் சண்டை வந்த பிறகு கடைத்தெருவில் ஒரு முழம் துணி கிடைக்காமல் போனது. ஜன்னல் திரையைச் சட்டையாக்கி உடுத்தினோம். சாக்கை வெட்டி இடுப்பில் சுற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பீவியம்மா எல்லா வீட்டுக்கும் வந்து, "சண்ட முடியிற வரைக்கும் வாடகை வேணாம், வீட்ட மட்டும் ஒழுங்கா வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் பெட்டியில் இருந்ததுதான் மிச்சம். ஆனால் சாவு மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து பசியோடு டவுனுக்கு நடந்து வந்தவர்கள் ரோட்டோரத்தில் விழுந்தார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அந்தப் பெட்டி திறந்தது.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்பு வந்தது. சொந்தக்காரர் இல்லாத வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்கள் லைசன் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வீடும் அதிலுள்ள சாமான்களும் லைசன் உள்ள வேறொருவர் கைக்குப் போய்விடும். அந்த வேறொருவர் யார் என்று எங்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. ஷரீஃபுதீன். காதர் மைதீனுடைய அண்ணன் மகன். வெள்ளைக்காரன் இருந்தபோது துரைமார் வீட்டுக்கு மீனும் முட்டையும் அனுப்பியவன், ஜப்பான்காரன் வந்ததும் கூடையைக்கூட மாற்றாமல் அவனுக்கும் அனுப்பினான். பீவியம்மா வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"சாச்சி, இந்த வயசுல எதுக்கு ஆபீசு ஆபீசா அலையிறீங்க? நான் லைசன் எடுத்துக்குறேன். நீங்க சும்மா ஒக்காந்து சாப்பிடுங்க."

"பெட்டி?"

"பெட்டி வீட்டோடதானே சாச்சி. இப்ப வெள்ளத் துணி என்ன வெலை விக்குது தெரியுமா?"

"மவுத்தானவன் துணிய விக்கவா உன்ன உங்கும்மா பெத்தா?" என்றார் பீவியம்மா. அவன் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனான்.

அன்றிலிருந்து லைசன் என்றால் எங்களுக்கு அந்தப் பெட்டிதான். லைசன் போனால் பெட்டி போகும்; பெட்டி போனால் ரோட்டில் விழுகிறவன் விழுந்த சாக்கோடு குழிக்குப் போவான்.

பீவியம்மா ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வார். அங்கே குமாஸ்தா தேவதாஸ். வெள்ளைக்காரன் காலத்திலும் அதே நாற்காலி, அதே மேசை. மேலே மாட்டியிருந்த படம்தான் வேறு. கெட்டவர் இல்லை. பயந்த மனுஷன். பயந்த மனுஷனால் வருகிற கெடுதல் கெட்டவனால் வருவதைவிடக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

"வீட்டு ஓனர் யாரும்மா?"

"அல்லா."

தேவதாஸ் பேனாவை வைத்துவிட்டார். "அம்மா, நான் உள்ள இருக்கிற ஜப்பான் துவான்கிட்ட போயி இதச் சொல்ல முடியாது. ஓனர் ஏன் வரலன்னு கேப்பான். உங்க பேர எழுதிடட்டுமா?"

"எம்பேர எழுதினா அது பொய்யில்லையா? நாளைக்கு எம்பேருல இருக்குன்னு இந்த ஷரீஃபு பங்கு கேட்டு வரமாட்டானா?"

அதிலேயே பல நாள் போனது. கடைசியில் ஓனர் ஊரில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அது போய் வந்ததும், பொம்பளைக்கு லைசன் இல்லை, ஆண்பிள்ளை ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி உடுப்போடு போய் நின்றார். அடுத்த தடவை ஜப்பான் பாஷை கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்றார்கள். பீவியம்மா கூரை மாற்றும்போது எட்டு வீட்டையும் விரல் விட்டு, "இச்சி, நி, சான்" என்று எண்ணிப் பழகினார். ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ள என்ன தெரிய வேண்டும் என்று ஒருத்தனும் ஒருநாளும் கேட்கவில்லை. கூரையைக் கேட்கவில்லை, கிணற்றைக் கேட்கவில்லை. நாங்கள் இடுப்பு வளைய வளையக் கும்பிட்டு வெளியே வரும்போது, கும்பிடு சரியில்லை என்று காவலுக்கு நின்றவன் திரும்ப ஒருமுறை வளைய வைப்பான். அவனுக்கு என் தம்பி வயசு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் போன அன்றைக்குத்தான் தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"லைசன் உள்ள வீடு ஒவ்வொன்னுலயும் அவங்க கொடி பறக்கணும்மா. புதுத் துணியில. பழைய துணி, ஒட்டுப் போட்ட துணி எல்லாம் ஆகாது. எட்டு வீட்டுக்கும் எட்டு."

"புதுத் துணிக்கு நான் எங்க போவேன்?"

பதில் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். மலாக்கா முழுக்கப் புது வெள்ளைத் துணி எங்கே இருக்கிறது என்று ஷரீஃபுதீன் போய்ச் சொல்லியிருப்பான் என்று நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

வீடு வந்ததும் பீவியம்மா நேராக உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து முன்னால் உட்கார்ந்தார். ஒரு துணியை எடுப்பார், மடியில் வைப்பார், திரும்ப வைப்பார். நான் வாசல்படியில் நின்றேன்.

"ஒரு ஆளோட துணிய வெட்டினா எட்டுக் கொடி வரும் புள்ள. அப்படி வெட்டினா அப்புறம் அது எந்த மய்யித்துக்கும் ஒதவாது. கால மூடினா மூஞ்சி தெரியும்."

"மிச்சம் இருக்கிறது பிழைக்குமே பீவியம்மா."

"தெரியுது. அதனாலதான் வயிறு எரியுது." கத்திரியை எடுத்தார். "யா அல்லா, யாரோ ஒருத்தரோட துணிய நான் இன்னைக்கி எடுக்குறேன். அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. என்ன மன்னிக்கச் சொல்லு."

எட்டுத் துண்டு வெட்டினார். நடுவில் சிவப்பு வட்டத்துக்குச் சாயம் இல்லை. சாயம் விற்ற சீனர் கடை மூடிக் கிடந்தது. கடைக்காரரைக் கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. குங்குமம் கண்ணால் கண்டு வருஷமாகியிருந்தது. எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. கம்போங் செட்டியில் ஒரு அம்மாவிடம் கேட்டதும், "அம்பிக் லா", எடுத்துக்கோ என்று மலாயில் சொல்லித் தோட்டத்திலிருந்து மஞ்சள் கிழங்கு பிடுங்கித் தந்தார். பீவியம்மா வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு. ஆரத்தி கரைக்கத் தெரியாத பெண் எங்களில் உண்டா? கெட்டியாகக் கரைத்து, சட்டி மூடியை வைத்து வட்டம் போட்டேன். மாப்பிள்ளைக்குச் சுற்றுகிற மாதிரிச் சிவந்து வந்தது. அப்போது நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன்.

லைசன் கொடுத்துவிட்டார்கள். பலகையில் எழுதி முதல் வீட்டு வாசலில் தொங்கவிட்டார்கள். எட்டுக் கொடியும் பறந்தது. பீவியம்மா வெளியே வரும்போது அவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடப்பார். இருந்தாலும் பெட்டி பிழைத்தது, அதற்குப் பிறகும் நாலைந்து பேருக்கு முழுத் துணி போனது.

பிறகு மழை பிடித்தது. ஆரத்தி நீரைச் சுற்றி வாசலில் கொட்டிவிடுவோம். மறுநாள் அது என்ன நிறமாகும் என்று எங்கள் குலத்தில் எவள் பார்த்திருக்கிறாள்? விடாத மழையில் சுண்ணாம்பு கழுவிக்கொண்டு போய்விட்டது. எட்டு வீட்டிலும் ஜப்பான்காரன் சூரியன் மஞ்சளாகி நின்றது. இது என் தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கொடி கேட்டவன் சாயம் கொடுத்திருக்க வேண்டும்.

ஷரீஃபுதீன்தான் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜப்பான் கொடியை வேண்டுமென்றே கேவலப்படுத்தியிருக்கிறார்கள் என்று அவன் மலாயில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதிகாரி பீவியம்மாவின் கன்னத்தில் அறைந்தான். முக்காடு கழன்று விழுந்தது. எடுக்கக் குனிந்தவரை இன்னொரு அறை. எட்டுக் கொடியையும் கழற்றி இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டு நடுவில் வெயிலில் நிற்கச் சொன்னான். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் உத்தரவு. சாயத்தைக் கரைத்தது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பீவியம்மா என் வயிற்றைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். ஆணியைப் பிடுங்கச் சொன்ன அதே முறைப்பு. வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் போகும்போது அதிகாரி கொடிகளை எரித்துவிடச் சொல்லிவிட்டுப் பலகையைக் கழற்றி, சாவிக்கொத்தையும் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் அதே பலகையில் ஷரீஃபுதீன் பெயர். தேக்குப் பெட்டி ஒரு திரிஷா வண்டியில் ஏறிப் போனது. பூட்டை உடைக்கும் சிரமம்கூட அவனுக்கு இல்லை. சாவியையும் ஆபீசிலேயே வாங்கிக்கொண்டான். அவன் கறுப்புச் சந்தையில் விற்ற அந்தத் துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டவர்களைக் கடைத்தெருவில் பார்த்தபோது, கழற்றுங்கடா என்று கத்த வேண்டும் போல இருந்தது. பீவியம்மா எங்கள் வீட்டு அடுப்பங்கரையை ஒட்டிய அறைக்கு வந்துவிட்டார். கொடியை எரித்தாயிற்றா என்று ஷரீஃபுதீன் வந்து கேட்டபோது, சாம்பலைக் காட்டினார். அது ஒரு பழைய சாக்கின் சாம்பல்.

மகள் பிறந்தாள். என்னிடம் பால் ஊறவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று எவ்வளவு ஊறும்? பீவியம்மா எங்கெங்கோ போய் ஆட்டுப்பால் கொண்டு வருவார். நாலாவது மாதம் காய்ச்சல் வந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள், சிப்பாய்களுக்கு மட்டும் என்று. அந்த அலமாரியைத் தினமும் துடைக்கிற வேலை அவருக்கு. கேட்டுப் பார்த்தார், காலில் விழுந்து பார்த்தார். ஒரு பகல்பொழுதில் குழந்தை என் மடியிலேயே போய்விட்டது.

போர்த்த வீட்டில் ஒரு துணி இல்லை. நான் கட்டியிருந்தது ஒன்றுதான் சேலை. அதைக் கிழிக்கப் போனபோது பீவியம்மா என் கையைப் பிடித்தார். தன் அறைக்குப் போய் ஒரு துணியோடு வந்தார். சாக்கை எரித்த அன்றைக்கே எட்டையும் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு அலசி மடித்து வைத்திருக்கிறார். சிவப்பு எங்கேயும் இல்லை. நடுவில் மட்டும் வெளிர் மஞ்சள்.

குளிப்பாட்டினார். மஞ்சள் பட்ட இடம் நெஞ்சுக்கு வருகிற மாதிரி வைத்துச் சுற்றினார். தலையும் மூடியது, காலும் மூடியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அளவு சரியா இருக்கு," என்றார். பிறகு அந்த அறையே அதிர்கிற மாதிரிக் கத்தினார். "பாவிங்களா, இந்த அளவுக்கா என்ன வெட்டச் சொன்னீங்க? இதுக்கா வெட்டினேன்?"

நான் அழவில்லை. அவர்தான் அழுதார். எனக்கு வந்தது அழுகை இல்லை, அது இன்னும் போகவும் இல்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பின்னாளில் சாவி பீவியம்மா கைக்கே வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாகிற வரைக்கும் எட்டு வீட்டையும் அவர்தான் பார்த்தார், துணிதான் வாடகை வாங்கினார், யாரையும் சுவரில் ஆணி அடிக்க விடவில்லை. ஆனால் அதைச் சும்மா கொடுக்கவில்லை. போனோம், அதே ஆபீசுக்கு. அதே தேவதாஸ், அதே நாற்காலி, மேலே பழைய படம் திரும்பி வந்திருந்தது. உள்ளே துரை. எங்களுக்கு முன்னாலேயே ஷரீஃபுதீன் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேசைமேல் அவனுடைய லைசன். துரை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். தேவதாஸ் எங்களிடம் திரும்பினார்.

"இந்த வீடுங்கள ஷரீஃபுதீன் பார்த்துக்கிட்டாருன்னு ரெக்கார்ட் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்குன்னு கேக்குறாரும்மா."

ஜப்பான்காரன் கொடுத்த லைசன் வெள்ளைக்காரனுக்குச் சாட்சியாம். பீவியம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இடுப்பில் வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தார். மடித்த துண்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் அந்த லைசனை மூடி அடுக்கினார்.

"எட்டு வீட்டுக்கும் லைசன் வேணும்னா கொடி தெச்சுக் கொண்டான்னு இந்த ஆபீசுலதான் சொன்னாங்க. ஏழைக்கு வச்சிருந்த கபன் துணிய வெட்டித் தெச்சேன். அந்தப் பாவத்த நான் பண்ணினேன், இவன் பண்ணல. இதுதான் எங்கிட்ட இருக்கு."

தேவதாஸ் அதைத் தடுமாறித் தடுமாறி இங்கிலீஷில் சொன்னார். துரை துணிகளை எண்ணினார். ஏழுதான் இருந்தது. எட்டு வீடு என்றால் எட்டாவது எங்கே என்று கேட்டார்.

தேவதாஸ் குழந்தையின் காரியத்துக்கு வந்தவர். அவருக்குத் தெரியும். கேள்வியை எங்களுக்குத் தமிழில் சொல்லாமல் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீவியம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. தேவதாஸ் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு அடி முன்னால் போய், துரையின் கண்ணைப் பார்த்து, அவர் பாஷையிலேயே சொன்னேன்: அதை என் மகள் போர்த்தியிருக்கிறாள், வேண்டுமென்றால் இடத்தைக் காட்டுகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.